தனத்தக்கா கீழே இறங்கிய வியாழக்கிழமை

1. படியேறிப் போகும் லிஃப்ட் ஆபீஸ்

லிஃப்ட் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் லிஃப்டைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்: பட்டனை அழுத்தினால் வரும். வராவிட்டால் என்ன செய்வது என்பதற்குத்தான் சம்பளம் கொடுத்து என்னை எடுத்திருந்தார்கள். ஆபீஸ் ஜோகூர் பாருவில் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. ஊருக்கெல்லாம் லிஃப்ட் பார்க்கும் கம்பெனிக்கு லிஃப்ட் கிடையாது. மூச்சு வாங்க இரண்டு மாடி ஏறித்தான் நாற்காலியில் உட்கார வேண்டும்.

என் மேசைக்கு பிரேக்டவுன் டெஸ்க் என்று பெயர். இரண்டு போன், டெக்னீஷியன்களைக் கூப்பிட ஒரு வாக்கி டாக்கி, சுவரில் ஒரு மேப், இவ்வளவுதான். முதல் போனில் ஒரு மலாய்ப் பெண் அழுதாள். ஏதோ ஃபிளாட்டில் இரண்டு மாடிக்கு நடுவே லிஃப்ட் நின்றுவிட்டது, அவள் உள்ளே தனியாக இருந்தாள். எனக்கு அவளைவிடப் பயம். என்ன பேசுவதென்று தெரியாமல், வீட்டுக்கு வந்தவர்களைக் கேட்பதுபோல "சுடா மாக்கான்?" என்று கேட்டுவிட்டேன். மாட்டிக்கொண்டவளைப் பார்த்து "சாப்பிட்டீங்களா" என்று கேட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன். அவள் அழுகையை நிறுத்திவிட்டு, இன்னும் இல்லை, வீட்டில் அசாம் பெடாஸ் மீன் குழம்பு வைத்திருக்கிறேன் என்றாள். டெக்னீஷியன் போய்க் கதவைத் திறப்பதற்குள் அதை எப்படி வைப்பது என்பது முழுவதும் எனக்குப் பாடமாகிவிட்டது. இன்றும் நான் அந்த முறையில்தான் வைக்கிறேன்.

முதலாளி மிஸ்டர் லோ கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். "சரஸ், யூ ஓகே லா," என்றார். அவரிடமிருந்து அதற்குமேல் ஒரு பாராட்டை நான் ரிட்டயர் ஆகும்வரை வாங்கியதில்லை.

2. மூன்று பேரும் ஒரு கேஸ் தோங்கும்

இப்போது டெஸ்க்கில் உட்காரும் பிள்ளைகளுக்கு இது தெரிந்ததுதான். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். போன் இரண்டு ரகம். லிஃப்டுக்குள் ஆள் மாட்டிக்கொண்டால் 'ட்ராப்'. ஆள் இல்லாமல் சும்மா நின்றுபோனால் 'ஷட்டவுன்'. ட்ராப் என்றால் டெக்னீஷியன் கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். ஷட்டவுன் வரிசையில் நிற்கும். அன்று முடியாவிட்டால் மறுநாள், மறுநாள் முடியாவிட்டால் அதற்கு மறுநாள்.

இது எங்களுக்குள் இருந்த விதி. ஆனால் ஃபிளாட்டில் இருக்கும் சனங்கள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

"அக்கா, லிஃப்டுல ஆளு மாட்டிக்கிச்சு! ஒடனே ஆள அனுப்புங்க!"

"எத்தன பேரு?"

"அது... மூணு பேரு."

"பேரு சொல்லுங்க."

"அலமாக், பேரெல்லாமா கேப்பீங்க?"

டெக்னீஷியன் குணா வெயிலில் மோட்டார் சைக்கிளில் பறந்து போவான். போய்ச் சேர்ந்ததும் வாக்கி டாக்கியில் அவன் குரல் வரும். "அக்கா, மூணு பேரும் இல்ல, முப்பது பேரும் இல்ல. ஒரு கேஸ் தோங்குதான் மேல போறதுக்கு நிக்குது." தோங்கு என்றால் சிலிண்டர். எனக்குக் கோபம் தலைக்கு ஏறும். போனைத் திருப்பிப் போட்டு வெளுத்து வாங்குவேன். அவர்களும் சளைக்க மாட்டார்கள். "கேஸத் தூக்கிட்டு நீங்க ஒம்போது மாடி ஏறுங்க, பாப்போம்," என்பார்கள்.

இப்படி ஊரே பொய் சொல்லிக்கொண்டிருந்தபோது ஒருவர் மட்டும் பொய் சொல்லவில்லை. பாசிர் கூடாங் போகும் வழியில் இருந்த ஒரு பழைய ஃபிளாட்டிலிருந்து கூப்பிடுவார். பெயர் மாணிக்கம். பாசிர் கூடாங்கில் ஃபேக்டரி பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர்.

"தங்கச்சி, எங்க பிளாக்கு லிஃப்ட் நிக்குது."

"உள்ள யாராச்சும் இருக்காங்களாண்ணே?"

"இல்லம்மா. யாரும் இல்ல."

"நல்லா பாத்துச் சொல்லுங்க. யாராச்சும் இருந்தா சீக்கிரம் ஆள் வரும்," என்று நானே ஒரு நாள் வழி காட்டினேன்.

"இல்லாத ஆள இருக்குன்னு எப்படிம்மா சொல்றது? ஒங்க ஆளு எப்ப வர முடியுமோ வரட்டும்," என்றார். நான் ஷட்டவுன் என்று எழுதிக்கொண்டேன்.

3. பதினோராவது மாடிக்கு வரும் வாசனை

அவர் எப்போதும் வியாழக்கிழமை காலையில்தான் கூப்பிடுவார். லிஃப்ட் நன்றாக ஓடும் வாரத்திலும் கூப்பிட்டு, "இன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் நிக்காம ஓடுமா?" என்று கேட்பார். நான் என்ன ஜோசியமா பார்க்கிறேன்? ஒரு நாள் எரிச்சலில், "வியாழக்கிழமை அப்படி என்னண்ணே அவசரம்?" என்று கேட்டுவிட்டேன்.

அப்போதுதான் அவருடைய மனைவி தனத்தைப் பற்றிச் சொன்னார். அந்த ஃபிளாட்டின் கார் பார்க்கில் வியாழன்தோறும் பசார் மாலம் போடுவார்கள். சாயங்காலம் கூடாரம் கட்டி, துணி, மீன், பழம், பலகாரம் எல்லாம் விற்கும் சந்தை. தனத்தக்கா அங்கே வருஷக்கணக்கில் வடைக்கடை போட்டவர். ஸ்ட்ரோக் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. கையும் காலும் ஓரளவு திரும்பி வந்தன, ஆனால் படி இறங்க முடியாது.

"லிஃப்ட் ஓடுறப்ப அதுல கூட்டிட்டுப் போங்கண்ணே."

"ஒங்களுக்குத் தெரியாதா? லிஃப்ட் எங்க மாடியில நிக்காதும்மா."

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் காலத்து ஃபிளாட்டுகளில் செலவை மிச்சம் பிடிக்க எல்லா மாடியிலும் லிஃப்டுக்குக் கதவு வைக்கவில்லை. நாலு, ஏழு, பத்து, பதின்மூன்று என்று மூன்று மாடிக்கு ஒன்றில்தான் நிற்கும். மாணிக்கம் அண்ணனின் வீடு பதினோராவது மாடியில். லிஃப்டுக்கும் அவர்கள் வாசலுக்கும் நடுவே ஒரே ஒரு மாடிப் படி. அந்த ஒரு மாடி தனத்தக்காவைத் பல தீபாவளியாக மேலேயே உட்கார வைத்திருந்தது. அண்ணனுக்கு ஹெர்னியா ஆபரேஷன் ஆகியிருந்தது, தூக்கக் கூடாது. ஆட்கள் கிடைத்தால் லிஃப்ட் நிற்கும். லிஃப்ட் ஓடினால் ஆட்கள் ஓவர்டைமில் இருப்பார்கள். இரண்டும் சேர்ந்தால் மழை கொட்டும்.

போனுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. "அந்தம்மாகிட்ட நான் பேசறேன், குடுங்க." பிறகு குரல் பக்கத்தில் வந்தது. பேச்சு லேசாகக் குழறினாலும் அதிகாரம் குறையவில்லை. "என் எடத்துல இப்ப ஒருத்தன் வடை சுடுறான்மா. எண்ணெய் காயறதுக்கு முன்னாடியே மாவப் போடுறான். வாசன இங்க வரைக்கும் வருது. வியாழக்கெழம வந்தா எனக்கு இருப்புக் கொள்ளல. சன்னல் வழியா வெளக்கு மட்டும் தெரியுது, ஆளு தெரியல. ஒரு தடவ கீழ போயிட்டு வந்துட்டா போதும்மா."

அன்றிலிருந்து வியாழக்கிழமை எனக்கும் இருப்புக் கொள்ளவில்லை.

4. மிஸ்டர் லோவின் கேள்வி

எல்லா லிஃப்டுக்கும் மாதத்தில் ஒரு நாள் சர்வீஸ் உண்டு. அந்த ஃபிளாட்டுக்குத் திங்கட்கிழமை. திங்கட்கிழமை எண்ணெய் போட்டு, கதவு சென்சரைத் துடைத்து, சரி செய்துவிட்டு வந்தால் வியாழனுக்குள் யாராவது சைக்கிளை மோதிக் கெடுத்துவிடுவார்கள். சர்வீஸையே வியாழக்கிழமை மத்தியானம் வைத்தால் சாயங்காலம் வரைக்குமாவது நிச்சயம் ஓடும். மிஸ்டர் லோவிடம் போய்க் கேட்டேன்.

"வய் தர்ஸ்டே?" என்றார்.

விஷயத்தைச் சொன்னேன். அவர் கால்குலேட்டரைத் தள்ளி வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சரஸ், நீ லிஃப்ட் கம்பெனியில வேலை செய்றியா, கோயில்ல வேலை செய்றியா?" என்று மலாயில் கேட்டார். நான் நகரவில்லை. அங்கேயே நின்றேன். என்னுடைய பெரிய திறமை அதுதான், நிற்பது. கடைசியில், "ஓகே லா, ஓகே லா, போ," என்றார்.

வருகிற வியாழக்கிழமை லிஃப்ட் கண்டிப்பாக ஓடும் என்று மாணிக்கம் அண்ணனிடம் சொன்னேன். "அப்ப நான் தூக்கறதுக்குக் கோயில் பசங்ககிட்ட சொல்லி வச்சிடறேன்," என்றார்.

5. லிஃப்டுக்குள் போகாத நாற்காலி

வேலை முடிந்ததும் நான் நேரே அங்கே போனேன். எத்தனையோ வருஷம் போனில் கேட்ட கட்டிடத்தை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். குணா சர்வீஸை முடித்துவிட்டு லிஃப்ட் வாசலில் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றுகொண்டிருந்தான். "சும்மா பஞ்சு மாதிரி ஓடுது அக்கா," என்றான்.

பதினோராவது மாடியில் தனத்தக்கா பிரம்பு நாற்காலியில் தயாராக இருந்தார். நீலச் சேலை, தலையில் பூ. மாணிக்கம் அண்ணன் அவருக்குத் தலை வாரிவிட்டிருந்தார், வகிடு கொஞ்சம் கோணல். தூக்குவதற்கு நாலு பேர் வந்திருந்தார்கள். கார் பார்க் ஓரத்தில் இருந்த சின்ன மாரியம்மன் கோயிலில் திருவிழாவுக்குச் சாமி தூக்குகிறவர்கள். பாசிர் கூடாங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் ரவிதான் அவர்களுக்குத் தலைவன். பொறுப்பானவர்கள்தான், கொஞ்சம் அதிகமாகவே பொறுப்பு. நாற்காலியைக் கையால் தூக்கினால் வழுக்கும் என்று, சாமிப் பல்லக்குக்குப் போடும் இரண்டு மரத் தண்டுகளைக் கொண்டுவந்து, நாற்காலியின் இரண்டு பக்கமும் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அம்மனுக்குக் கட்டுவதுபோலவே கட்டியிருந்தார்கள்.

ஒரு மாடி அருமையாக இறங்கினார்கள். பத்தாவது மாடியில் லிஃப்ட் கதவு திறந்தது. குணா பட்டனைப் பிடித்துக்கொண்டு நின்றான். நாற்காலி கிட்டே போனது, நின்றது. தண்டு லிஃப்டைவிட நீளம். நேராக நுழைத்தார்கள், சாய்த்து நுழைத்தார்கள், பின்பக்கமாக நுழைத்தார்கள். தனத்தக்காவின் கால் மட்டும் உள்ளே போய் வெளியே வந்தது.

லிஃப்ட் எத்தனை அடி என்று என்னைக் கேட்டிருந்தால் தூக்கத்தில்கூடச் சொல்லியிருப்பேன். ஒருவரும் கேட்கவில்லை.

"கயித்த அவுத்துட்டு நாற்காலிய மட்டும் ஏத்துங்கப்பா," என்றேன்.

ரவி தலையை ஆட்டினான். "அவுக்கக் கூடாதுக்கா. ஒரு தடவ கட்டிட்டா கோயிலுக்குப் போய்த்தான் அவுக்கணும். நடுவுல அவுத்து எங்களுக்குப் பழக்கம் இல்ல."

"அது சாமிக்குப்பா!"

"சாமிக்கும் இதே கட்டுத்தானேக்கா."

எனக்கு வந்த கோபத்தில் நாலு பேரையும் லிஃப்டுக்குள் போட்டுப் பூட்டியிருப்பேன். அதற்குள் தனத்தக்கா மேலே இருந்து பேசினார். "படியிலயே போங்கப்பா."

"அக்கா! இந்த லிஃப்டுக்காக நான் மொதலாளிகிட்ட எவ்வளவு பேச்சு வாங்கியிருக்கேன் தெரியுமா?"

"கோவிச்சுக்காதம்மா. லிஃப்டுல போனா செவுத்தத்தான் பாக்கணும். செவுத்தப் பாத்தது எனக்குப் போதும்."

நான் ஒதுங்கி வழி விட்டேன்.

அந்தச் சத்தத்தில் பத்தாவது மாடியில் ஒரு கதவு திறந்தது. யாத்தி அக்கா வெளியே வந்தார். தனத்தக்காவின் பக்கத்துக் கூடாரத்தில் குவே என்னும் மலாய்ப் பலகாரம் விற்றவர். பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். "யா அல்லா, தனம்! பத்து பாகாட் ஊர்ல மக வீட்டுக்குப் போயிட்டேன்னுதானே நெனச்சேன்! மேலயேவா இருந்தே?" என்று மலாயில் கேட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஒருவர் வீட்டுத் தரைதான் இன்னொருவர் வீட்டுக் கூரை. லிஃப்டில் வந்து லிஃப்டில் போகிறவருக்கு மேல்மாடியில் வேலையில்லை. அவர்மீது குற்றம் சொல்ல எதுவுமில்லை.

பிறகு அது ஊர்வலமாகிவிட்டது. ஒவ்வொரு திருப்பத்திலும் தண்டைக் கைப்பிடிச் சுவருக்கு மேல் தூக்கித் திருப்ப வேண்டியிருந்தது. "பாத்து, பாத்து, எடது, தாழ்த்து!" என்று ரவி சாமிக்குக் கத்துவதுபோலவே கத்தினான். அந்தக் குரலுக்கு மாடிக்கு மாடி கதவு திறந்தது. எட்டாவது மாடியில் ஒரு சீனப் பெரியவர் "ரெஸ்ட், ரெஸ்ட்" என்று ஸ்டூல்களைக் கொண்டுவந்து தண்டுக்கு அடியில் வைத்தார். தூக்குகிறவர்களுக்குத் தண்ணீர் வந்தது. ஆறாவது மாடியில் ஒரு பெண் வேடிக்கைக்குச் சூடத் தட்டோடு வந்து நின்றாள். "எடுத்து வைடி அத. நான் சாமி ஆயிட்டா ஒனக்கு வரம் குடுக்கணும், என்கிட்ட ஒன்னும் இல்ல," என்றார் தனத்தக்கா. படியே சிரித்தது. கதவு திறந்தவர்கள் எல்லாரும் செருப்பைப் போட்டுக்கொண்டு பின்னால் இறங்கி வந்தார்கள்.

எல்லோருக்கும் பின்னால் மாணிக்கம் அண்ணன் தனத்தக்காவின் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். குணா மட்டும் காலி லிஃப்டில் இறங்கினான். ஏழாவது மாடியிலும் நாலாவது மாடியிலும் கதவைத் திறந்து தலையை நீட்டி, "அக்கா, லிஃப்ட் நல்லாத்தான் ஓடுது!" என்று எனக்குத் தகவல் சொன்னான்.

கீழே விளக்கெல்லாம் போட்டிருந்தார்கள். அண்ணன் குனிந்து செருப்பை மாட்டிவிட்டார். வடைக்காரருக்கு அதற்குள் சேதி போய்விட்டது. அவர் பயந்துகொண்டே ஒரு வடையைத் தாளில் வைத்துக் கொடுத்தார். தனத்தக்கா நிதானமாக மென்றார். "நல்லாருக்குப்பா," என்றார். அந்த ஆள் முகம் மலர்ந்து போன பிறகு என் காதருகில், "எண்ணெய் காயல," என்றார்.

"வேற என்ன வாங்கலாம்க்கா? நான் போய் வாங்கியாறேன்," என்று கேட்டேன்.

அவர் கூடாரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மீன்காரன் தண்ணீரை ஊற்றினான், துணிக்காரி விலையைக் கத்தினாள், யாரோ இடித்துவிட்டு "சோரி மாச்சி" என்று மன்னிப்புக் கேட்டுப் போனார்கள். "ஒன்னும் வாங்க வேணாம்மா. கீழ இருக்கணும், அவ்ளோதான்," என்றார்.

திரும்பும்போது கோயிலில் தண்டைக் கழற்றி வைத்தார்கள். பத்தாவது மாடி வரைக்கும் என் லிஃப்ட் அவரை ஏற்றிக்கொண்டு போனது. அதுவாவது நடந்ததே.

6. கடைசி வியாழக்கிழமை போன்

யாத்தி அக்கா மறுவாரமே மாநகராட்சி ஆபீஸுக்குப் போனார். தனத்தக்காவோடு வாடகை வீட்டை மாற்றிக்கொள்ள மனு கொடுத்தார். "எங்களுக்குக் கால் இருக்கு. பத்தும் சாமா, பதினொன்னும் சாமா, ரெண்டும் ஒன்னுதான்," என்றாராம். அலையவிட்டுத்தான் அனுமதி கொடுத்தார்கள். பத்தாவது மாடிக்கு வந்த பிறகு தனத்தக்காவை யாரும் தூக்க வேண்டியிருக்கவில்லை. சக்கர நாற்காலி லிஃப்டுக்குள் அழகாகப் போனது. வியாழக்கிழமை சாயங்காலம் அவர் கீழே இருந்தார். மாணிக்கம் அண்ணன் அப்போதும் காலையில் கூப்பிட்டார். "தங்கச்சி, லிஃப்ட் ஓடுது, சொல்லலாம்னுதான்," என்பார்.

தனத்தக்கா தூக்கத்திலேயே போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு வியாழக்கிழமை போன் வந்தது. "தங்கச்சி, நான் பத்து பாகாட்டுக்கு மக வீட்டுக்குப் போறேன். லிஃப்ட் நல்லா இருக்கு. இனிமே போன் பண்ண மாட்டேன்."

நான் ரிட்டயர் ஆகும்வரை வியாழக்கிழமை காலையில் அந்த மணி அடிக்காதா என்று காத்திருந்தேன். ட்ராப் என்று ஊரே கூப்பிட்டது. யாரும் இல்லை என்று சொல்ல ஒருவரும் கூப்பிடவில்லை.

7. யாரையும் பார்க்க வேண்டாத வீடு

இப்போது ஸ்கூடாயில் மகன் வீட்டில் இருக்கிறேன். நல்ல மாடி வீடு, ஆட்டோ கேட். எங்கள் வரிசையில் எல்லோருக்கும் ஆட்டோ கேட். விடிவதற்கு முன்பே கார்கள் சிங்கப்பூருக்குப் புறப்பட்டுப் போய்விடும். பக்கத்து வீட்டுக்காரரின் கார் நம்பர் எனக்குத் தெரியும், பெயர் தெரியாது. முட்டி வலி வந்த பிறகு மேல் அறையைவிட்டு அதிகம் இறங்குவதில்லை. "எறங்காதீங்கம்மா, மேலயே கொண்டாறேன்," என்பான் மகன். பாசத்தில்தான் சொல்கிறான். அந்த ஃபிளாட்டின் சத்தத்துக்கு என் மனசு ஏங்கும். வெட்கமில்லாமல் சொல்கிறேன், ஏங்கும்.

படி தொந்தரவே வேண்டாம் என்று மகன் புதுக் காண்டோ அடுக்குமாடி வீடு பார்க்க அழைத்துப் போனான். விற்பனை ஆபீஸில் ஒரு தமிழ்ப் பெண் வழவழப்பான புத்தகத்தை விரித்துக் காட்டினாள். ஏரி, ஜிம், நீச்சல் குளம், வாழ்வதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது என்றாள்.

"லிஃப்ட் எந்தெந்த மாடியில நிக்கும்?" என்று கேட்டேன். பழக்கதோஷம்.

அவள் முகத்தில் பெருமை. "உங்களுக்கே உங்களுக்குன்னு தனி லிஃப்ட் ஆன்ட்டி. நேரா உங்க வீட்டுக்குள்ளதான் தெறக்கும். யாரையும் பாக்கவே வேண்டியதில்ல."

டெஸ்க்கில் இருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். போன் வந்தால் எந்த மாடி, ஆள் மாட்டிக்கொண்டிருக்கிறாரா என்று கேட்பீர்கள். கேளுங்கள். கூடவே, எதற்காகக் கீழே போகிறார்கள் என்றும் கேளுங்கள். எத்தனை மாடி உயரம் என்பது விளம்பரத்தில் வரும். மேலே இருக்கிறவர் ஆசைப்பட்டால் இறங்கி வர முடிகிறதா, வந்தால் கீழே ஆள் இருக்கிறதா, இந்த இரண்டும் இருந்தால் அது நல்ல ஊர். போனுக்கு இந்தப் பக்கம் அத்தனை வருஷம் உட்கார்ந்து நான் தெரிந்துகொண்டது இவ்வளவுதான்.

"வேற என்னம்மா வேணும்? எல்லாந்தான் இருக்கே," என்றான் மகன்.

"இன்னிக்கு வியாழக்கெழமப்பா," என்றேன்.

அவனுக்குப் புரியவில்லை. ஆனாலும் நான் சொன்ன வழியில் காரை ஓட்டினான். அந்த ஃபிளாட்டின் கார் பார்க்கில் கூடாரம் கட்டி முடித்திருந்தார்கள். மழை பெய்து விட்டிருந்தது. வடைக்காரருக்குத் தலை நரைத்திருந்தது. லிஃப்ட் கதவு திறக்கத் திறக்க ஆட்கள் இறங்கி வந்துகொண்டிருந்தார்கள்.

"என்ன வாங்கணும் சொல்லுங்க, நான் போய் வாங்கிட்டு வரேன். நீங்க கார்ல இருங்க."

"ஒன்னும் வாங்க வேணாம்பா. கீழ இருக்கணும், அவ்ளோதான்."

அவன் வடைக்காரரிடம் இரண்டு ஸ்டூல் கேட்டு வாங்கி வந்து, ஒன்றைக் கைக்குட்டையால் துடைத்து எனக்குப் போட்டான். இன்னொன்றும் ஈரம். அந்த வழவழப் புத்தகத்தை அதன்மேல் விரித்து, பக்கத்தில் உட்கார்ந்தான்.